அழாதவர் அடிக்கும் மணி

பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மலையடிவாரத்து மடத்துப் பள்ளியில் அழுகுரல் கேட்டு வெகுநாளாயிற்று. அதனைத் தம் வாழ்நாளின் சாதனை என்றே ஆசிரியர் அறவாழி கருதியிருந்தார்.

அவர் வகுத்த விதி எளியது. அழுகிற பிள்ளை, அழுகை ஓயும்வரை சுவரைப் பார்த்து அமர வேண்டும். பகல் முழுவதும் அழாதிருந்த பிள்ளை, அந்தியில் பூசை மணியை அடிக்கலாம். அடி கிடையாது, வசவும் கிடையாது.

மடத்தின் குரு ஒரு பெண்மணி. வயதில் அறவாழிக்கு இளையவர். ஆயினும் அறவாழி அவருக்குச் சீடர். குரு நெடிய யாத்திரை போயிருந்த காலத்தில்தான் இவ்விதி பிறந்தது. அவர் திரும்பி வந்தபோது, மயிலாள் என்னும் சிறுமி பாயில் கிடந்தாள். எல்லோரையும்விட அதிகமாக அந்தப் பூசை மணியை அடித்தவள் அவள்.

உள்ளங்காலில் ஏறிய முள், உள்ளேயே புரையோடியிருந்தது. தாடை பூட்டிக்கொண்டது. உடல் வில்லாய் வளைந்து வளைந்து இழுத்தது.

“முள் ஏறிய அன்றே வாய் திறந்திருந்தால், கீறிக் கழுவியிருப்பேன்,” என்றார் வைத்தியர். “இனி அவளே நினைத்தாலும் அந்த வாய் திறக்காது.”

மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் இறந்துபோனாள்.

சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்யும் அவள் தகப்பன் வேலப்பன், குழியை மூடிவிட்டு அறவாழியிடம் வந்தான்.

“கடைசி வரைக்கும் எம் பொண்ணு அழலீங்க ஐயா. வீட்டுல நான் அழவிட்டதில்ல. இங்க நீங்களும் விடல. நல்லா வளத்தீங்க.”

அவன் கைகூப்பினான். அவன் கண்கள் உலர்ந்திருந்தன. அறவாழியின் கண்களும் உலர்ந்திருந்தன.

அன்று மாலை அறவாழி குருவின் முன் நின்றார்.

“தாயே, அந்தக் குழந்தையை நான் ஒரு சொல் கடிந்ததில்லை. பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை? இது தெரியாமல் என்னால் அந்த வகுப்பில் மீண்டும் கால் வைக்க முடியாது.”



மறுநாட் காலை குரு வகுப்புக்கு வந்தார். மயிலாளின் இடம் வெறுமையாய் இருந்தது. அங்கே அமர்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடாமல், வாய்விட்டு அழுதார்.

பிள்ளைகள் திகைத்தனர். நல்லதம்பி என்னும் பொடியன் எழுந்தான்.

“அம்மா, அழுறவங்க செவுத்தப் பாத்து உக்காரணும்.”

“டேய், அவங்க நம்ம குரு!” என்று பின்னாலிருந்து ஒருவன் அதட்டினான்.

“குருன்னா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு ஐயாதானே சொன்னாரு?”

குரு எழுந்து போய்ச் சுவரை நோக்கி அமர்ந்தார்.

அறவாழி பதறினார். “தாயே, வேண்டாம். பிள்ளைகள் பார்க்கிறார்கள்.”

“விதி உம்முடையது. நடக்கட்டும்.”

அழுகை ஓயவில்லை. சட்டம் பேசிய நல்லதம்பியின் உதடு கோணிற்று. அவன் போய்க் குருவின் பக்கத்தில் அமர்ந்தான்.

“எனக்குக் காது வலிக்குதும்மா. ரொம்ப நாளா வலிக்குது.”

இன்னொருத்தி வந்தாள். “மயிலா படுத்த பாயில என்னைப் படுக்கச் சொல்றாங்க. பயமா இருக்கு.”

ஒருவர் பின் ஒருவராக எல்லாப் பிள்ளைகளும் வந்தனர். வகுப்பின் நடுவில் அறவாழி தனியே நின்றார். அவரால் காண முடிந்தது, குலுங்கும் முதுகுகளை மட்டுமே.

கடைசியாக வந்தவள் தாமரை, மயிலாளின் தோழி.

“முள்ளு ஏறினது எனக்குத் தெரியும். எங்கிட்ட காட்டினா. ‘யாருகிட்டயும் சொல்லாதடி, நான் மணி அடிக்கணும்’னா.”

அறவாழி அவளருகே மண்டியிட்டார்.

“நீயாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே அம்மா?”

அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“சொன்னா நான் அழுதுருவேனே ஐயா.”

அந்தி வந்தது. அழுது களைத்த பிள்ளைகள் குருவின் மடியிலும் தோளிலும் சாய்ந்திருந்தனர். நல்லதம்பியின் காதில் வைத்தியர் வெதுவெதுப்பாய் மருந்து விட்டுப் போயிருந்தார். பூசை வேளை நெருங்கியது. மணிக்கயிறு ஆடாமல் தொங்கிற்று.

எதையேனும் பேசியாக வேண்டும் என்பதற்காகவே அறவாழி கேட்டார்.

“தாயே, இன்று மணியை யார் அடிப்பது?”

குரு அவர் கண்களை உற்றுப் பார்த்தார்.

“அழாதவர் நீர் ஒருவர்தானே, அறவாழி. போய் அடியும்.”