மடுவிடம் ‘வரேன்’ என்றவன்

குருவிக்கும் மனுசருக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்திலும் நம் பக்கத்து ஆறுகள் கோடையில் மணலாகத்தான் கிடந்தன. சித்திரை பிறந்துவிட்டால் தூண்டில்காரர்களுக்கு வேலை இருக்காது. கோலைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுவார்கள். அங்கே எல்லாம் நேர்மாறு. வெயில் ஏற ஏறப் பனிமலை உருகும், ஆறுகள் பால் பொங்கினது மாதிரி நுரைத்துக்கொண்டு இறங்கும். புள்ளி போட்ட மீன்கள் பாறைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும்.

ஆனால் அந்த மலைக்குள் தெரியாத ஆள் தனியாகப் போனால் திரும்ப முடியாது. வழிகாட்டி வேண்டும். அங்கே வழி காட்டுவதில் கெட்டிக்காரி ஒரு குருவி. சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் ஒரு வால். அந்த வால் அப்போதெல்லாம் ஆடாது. குத்தி வைத்த குச்சி மாதிரி நேராக நிற்கும். எல்லோரும் அவளை மஞ்சக்குருவி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் கல்லுக்குக் கல் தாவி முன்னால் போய் நிற்பாள். பின்னால் வருகிறவர்கள் வந்து சேர்ந்ததும் அடுத்த கல். எந்தப் பாறை வழுக்கும், எந்த இடத்தில் தண்ணீர் முழங்கால், எந்த இடத்தில் ஆளையே முழுங்கும் என்று சொல்லிக்கொண்டே போவாள். அங்கே மண்புழுவைக் கோத்துப் போட்டால் மீன் திரும்பியும் பார்க்காது. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரியே பொய்ப்பூச்சி கட்டி, தண்ணீர் மேலே பறந்து வந்து உட்காருகிற மாதிரி வீச வேண்டும்.

“இன்னைக்கு ஆத்து மேல என்ன பூச்சி பறக்குதோ அதைத்தான் கட்டணும்,” என்பாள். “இட்லிக்கு உக்காந்திருக்கிறவனுக்குக் களியைப் போட்டா எந்திரிச்சுப் போயிருவான்ல?”

அவளுக்கு ஒரே ஒரு வைராக்கியம். மேலே கூட்டிக்கொண்டு போன தலையெல்லாம் கீழே வந்து சேர வேண்டும்.

ஒரு கோடையில் தெற்கேயிருந்து வேம்பன் என்ற தூண்டில்காரனும் அவன் பெண்சாதி நாச்சியும் வந்தார்கள். அப்போதுதான் நடை பழகியிருந்த மகளை நாச்சியின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்பன் காதுமடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். கூடை நிறைய மீன் பிடித்து, கெடாமல் இருக்கப் புகை போட்டுக் கட்டிக்கொண்டு, ஆவணிக்குள் வீடு சேர வேண்டும் என்பது கணக்கு.

வேம்பன் நல்ல மனுசன். மரியாதை கொஞ்சம் அதிகம். ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால்கூட ஒதுங்கி வழி விடுவான்.

“என்னைத் தவிர எல்லாருக்கும் மரியாதை,” என்றாள் நாச்சி குருவியிடம். “இந்த மனுசன் அடுப்புக்கு முன்னால நின்னு ‘எரியுறீங்களா’ன்னு கேப்பாரு.”

“கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவேன்?” என்றான் வேம்பன்.

கூடை முக்கால்வாசி நிறைந்த சமயத்தில் ஆற்றின் உச்சிப் பக்கம் போனார்கள். அங்கே ஆழமாகத் தண்ணீர் தேங்கி நிற்கிற ஒரு மடு இருந்தது. காதுமடு என்று பெயர். பார்ப்பதற்கும் காது மாதிரியே வளைந்து உள்ளே குழிந்திருக்கும். மேலே ஆறு இரைந்துகொண்டு வரும், கீழேயும் இரைந்துகொண்டு போகும். மடுவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சத்தமும் இருக்காது. உச்சி வெயில் நேரம்தான், ஆனாலும் நாச்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கரையில் நின்ற தேவதாரு தண்ணீரில் தெரிந்தது. காற்று அடித்தது. கரையிலிருந்த மரம் ஆடியது. தண்ணீருக்குள் தெரிந்த மரம் ஆடவில்லை.

மஞ்சக்குருவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இங்க பிடிக்கலாம், குடிக்கலாம், முகம் கழுவலாம். ஆனா கிளம்பும்போது ‘போறேன்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம நடக்கணும். இது கேட்டுக்கிட்டே இருக்கிற மடு. சொன்னதை அப்படியே வச்சுக்கும்.”

“சீ, ‘போறேன்’னா? வாயில வசம்பை வச்சுத் தேய்க்க!” என்றாள் நாச்சி. “எங்க ஊருல அப்படிச் சொல்ல மாட்டோம்.”

“அப்ப ஒண்ணுமே சொல்லாம நடங்க.”

வேம்பன் தலையைச் சொறிந்தான். “சொல்லாமக் கிளம்புறது எழவு வீட்டுலதானே?”

“எழவு வீடுன்னே நெனச்சுக்கோங்க அண்ணே,” என்றாள் குருவி. சிரிக்கவில்லை.

அன்று ஆற்று மேலே மஞ்சள் பூச்சிகள் பறந்தன. குருவி தன் நெஞ்சிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கிக் கொடுத்தாள். நாச்சி அதை முள்ளில் வைத்துச் சுற்றினாள். வேம்பன் வீசினான். பொய்ப்பூச்சி தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே நின்றது. மறுபடி வீசினான். மறுபடியும் அப்படியே. ஒரு மீனும் இழுக்கவில்லை, துள்ளவில்லை. கொடுத்தனுப்பிய சாமான் மாதிரி கைக்கு வந்தது. கல்லில் போட்டால் வாலைக்கூட அடிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

“போதுங்க,” என்றாள் நாச்சி. “இந்த மீனுங்க பாக்குற பார்வை சரியில்ல. கிளம்புவோம்.”

கோலில் நூலைச் சுற்றினார்கள். குருவி முன்னால் தாவினாள். நாச்சி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உதட்டை இறுக்கி மூடியபடி நடந்தாள். வேம்பனும் பேசாமல்தான் நடந்தான். வளைவு வரைக்கும் வந்துவிட்டான். அங்கே அவனுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு கொடுத்த இடம். சோறு போட்ட வீட்டிலிருந்து எழுந்து சொல்லாமல் போவது போலிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

“அப்ப… வரேன்,” என்றான்.

“வா,” என்றது மடு.

அது வேம்பனின் குரலேதான். அவனுடைய கரகரப்புகூட அதில் இருந்தது.

நாச்சி கூடையைக் கீழே போட்டாள். “என்ன காரியம் பண்ணினீங்க!”

“ஒண்ணுமில்லடி. மலையில எதிரொலிக்கும்.”

“எதிரொலின்னா ‘வரேன்’னுதானே கேக்கணும். ‘வா’ன்னு எப்படிக் கேக்கும்?”

வேம்பன் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான்.

குருவி அவர்களை அவசரமாக இறக்கினாள். வெயிலில் காய்ந்து கிடந்த பாறைகள் மேல் நடந்தார்கள். நாச்சி திரும்பிப் பார்த்தபோது அவள் கால் வைத்த இடமெல்லாம் காய்ந்திருந்தது. வேம்பன் கால் வைத்த இடமெல்லாம் ஈரமாக இருந்தது. பெருவிரல், குதிகால் எல்லாம் அச்சு அச்சாக. அந்த ஈரம் வெயிலில் உலரவில்லை. பாறையில் சரிந்து ஒழுகி, கீழே போகாமல், மேட்டைப் பார்த்து, மடு இருந்த பக்கம் ஏறிப்போனது.

கொஞ்ச தூரத்தில் அவன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. கண்ணை இமைக்கவும் இல்லை. நின்றான்.

“நாச்சி, நான் ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றேன்.”

“எங்க?”

“கூப்பிட்டாங்கல்ல. வரேன்னு வேற சொல்லியாச்சு. போகாம இருந்தா நல்லாருக்காது.”

சொன்ன விதம் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவன் மாதிரி அவ்வளவு சாதாரணமாக இருந்தது. நாச்சி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பிழியாத துணி மாதிரி கனத்தது. இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டே மேட்டில் நடந்தான். கடைசியில் அவன் காதுமடலை இறுகப் பற்றிக்கொண்டு கத்தினாள்.

“உங்க மக இதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே தூங்கும்! நான் தனியாப் போய் நின்னா அதுக்கு என்னத்தைக் கொடுப்பேன்?”

வேம்பனின் கால் நின்றது. முகம் மட்டும் மடுப் பக்கம் திரும்பியே இருந்தது.

“விட்டுராதீங்க அக்கா,” என்றாள் மஞ்சக்குருவி. “நான் கூட்டிட்டு வந்த தலை. நானே போய்ப் பேசுறேன்.”

அவள் மடுவின் விளிம்பிலிருந்த கல்லில் போய் உட்கார்ந்தாள். கீழே பார்த்தாள். தண்ணீரில் தேவதாரு தெரிந்தது, வானம் தெரிந்தது. அவள் தெரியவில்லை.

“அவனை விடு,” என்றாள்.

“வரேன்னு சொன்னான்,” என்றது மடு வேம்பன் குரலில்.

“அவங்க ஊருல போறதுக்குப் பேருதான் அது. போறேன்னு சொன்னாப் போனவங்க திரும்ப மாட்டாங்கன்னு பயந்து, வரேன்னு சொல்றாங்க.”

மடு விடவில்லை. “போறதுக்குப் பேரு ‘வரேன்’னா, வர்றதுக்கு என்ன பேரு?”

“அதுவும் ‘வரேன்’தான்.”

“அப்ப அவன் சொன்னது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் காது மட்டுந்தான் இருக்கு. வரேன்னா வரணும்.”

கீழே சரிவில் நாச்சியின் குதிகால் கல்லில் உரசுகிற சத்தம் மறுபடியும் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டத்தில் கேட்டது.

“எப்பன்னு அவன் சொல்லலையே,” என்றாள் குருவி அவசரமாக.

“யாருன்னு சொல்லியிருக்கான்.”

“சொல்லலை. ‘வரேன்’னுதான் சொன்னான். ‘வேம்பன் வரேன்’னு சொல்லலை. அந்த வார்த்தையை எனக்குக் கொடு. இப்ப நான் சொல்றேன், கேட்டுக்கோ. நான் போயிட்டு வரேன். பனி உருகுற ஒவ்வொரு கோடைக்கும் வரேன்.”

மடுவில் ஒரு வளையம் எழும்பி, கரை வரைக்கும் வராமல் உள்ளேயே திரும்பிப் போனது.

“நீ சிறகு இருக்கிறவ,” என்றது. இப்போது அது குருவியின் குரலில் பேசியது. “சிறகு இருக்கிறவளை எப்படி நம்புறது?”

சரிவில் வேம்பன் தோளில் கிடந்த தூண்டில் கோல் தானாக வளைந்தது. நூல் மடி மடியாக அவிழ்ந்து, பாம்பு மாதிரி பாறைமேல் ஊர்ந்து ஏறி, மடுவுக்குள் இறங்கியது. அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ வீசினார்கள். நேர்த்தியான வீச்சு. மஞ்சள் இறகு கட்டிய பொய்ப்பூச்சி வெயிலில் ஒரு முறை மின்னி, பறந்து வந்து, குருவியின் வால் மேல் ஓசையில்லாமல் உட்கார்ந்தது. அவள் இறகு. அவள் சொல்லிக் கட்டின பூச்சி. முள் ஏறிய வலிகூடத் தெரியவில்லை. நூல் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோனது.

“அப்பப்ப இழுத்துப் பாப்பேன்,” என்றது மடு. “நீ ஆட்டணும். ஆட்டலைன்னா, அவன் வம்சத்துல எவன் வாயில ‘வரேன்’ இருக்கோ அவனைக் கூப்பிட்டுக்குவேன்.”

நூல் சுண்டியது. குச்சி மாதிரி நின்ற வால் முதல்முறையாகக் கீழே போய் மேலே வந்தது.

சரிவில் வேம்பன் இமைத்தான். “ஏண்டி காதைப் பிச்சு எடுக்கிற?” என்றான். நாச்சி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்ததும் கூடையை எடுத்துப் பார்த்தாள். முன்னால் பிடித்துப் புகை போட்டது அப்படியே இருந்தது; அன்று பிடித்த மீன் ஒன்றும் அதில் இல்லை, அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீரை மட்டும் சாய்த்துக் கொட்டிவிட்டு எழுந்தாள்.

மஞ்சக்குருவி அவர்களை அடிவாரத்தில் விட்டுவிட்டுத் திரும்பவில்லை. இந்த மனுசன் எந்த வாய்க்காலைப் பார்த்து எதைச் சொல்லித் தொலைப்பானோ என்று தெற்குவரைக்கும் கூடவே வந்தாள். வீட்டில் மகள் ஓடி வந்து அப்பன் மடியில் ஏறிக் காதுமடலைப் பிடித்தது. பிடித்த கையை உதறிக்கொண்டது.

“அப்பா, சில்லுன்னு இருக்கு.”

அந்தக் காது கடைசிவரைக்கும் சூடாகவே இல்லை. கொஞ்ச நாளில் பிள்ளைக்கு அதுவும் பழகிவிட்டது.

ஐப்பசியில் வடக்கே பனி மூடி மடு உறைந்தது. நூல் தளர்ந்தது. தளர்ந்ததே தவிர அறுபடவில்லை. குருவி நம் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் பூச்சி பொறுக்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தாள். மாடு மேய்க்கிறவர்கள் அவளை வாலாட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பங்குனி வெயில் ஏறியதும் நூல் பலமாகச் சுண்டியது. அவள் கிளம்பினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வேம்பன் போய்ச் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அவன் வம்சம் பெருகி எங்கெங்கோ கலந்துவிட்டது. யார் அவன் வழி, யார் இல்லை என்று இனிமேல் பிரிக்க முடியாது. வாசல் தாண்டும்போது நாம் எல்லோருமே ‘வரேன்’ என்றுதான் சொல்கிறோம்.

அந்தக் கோடையில் பிடித்த பழக்கத்தால்தான், பனிக்காலத்தில் நம் வாய்க்கால் கரைக்கு வருகிற வாலாட்டிக் குருவி, இரை பொறுக்கும்போதும், சும்மா நிற்கும்போதும், நாம் கிட்டத்தில் போய்ப் பார்க்கும்போதும், வாலை ஆட்டி ஆட்டி நமக்காக மடுவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது.