மலையாண்டியின் நீள மூக்குக் கார்

குளிர்பாறைக் காட்டில் மலையாண்டி என்ற கரடி இருந்தது. அது கார் செய்யும் கரடி.

அதன் கார்களுக்கு நீண்ட மூக்கு. நிமிர்ந்த முன்கண்ணாடி. மூக்குக்குள்ளே பெரிய இன்ஜின். இலுப்பை எண்ணெய் ஊற்றிக் கிளப்பினால் உறுமல் அடுத்த மலைவரை கேட்கும். மான்களும் பன்றிகளும் ஆசை ஆசையாக ஓட்டின.

மலையாண்டியின் உயிர் நண்பன் சாத்தப்பன் என்ற இருவாச்சிப் பறவை. சாயங்காலமானால் அது காரின் கூரையில் வந்து உட்காரும். இரண்டும் ஆற்றோரமாகச் சுற்றிவிட்டு வரும்.

கார்கள் பெருகின. பள்ளத்தாக்கில் புகை மண்டியது. ஒரு நாள் சாத்தப்பன் கூரைக்கு வரவில்லை. கிளையில் இருந்தபடியே பேசியது.

“மலையாண்டி, நாங்கள் இந்தக் காட்டை விட்டுப் போகிறோம்.”

“எங்கே?”

“மேற்கு மலைக்கு. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாதா? முட்டையிடும் காலத்தில் என் மனைவி அலமு மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்வாள். குஞ்சு வளரும்வரை வெளியே வரமாட்டாள். உள்ளே புகை வந்தால் அவள் எங்கே ஓடுவாள்?”

சாத்தப்பனும் அலமுவும் பறந்து போய்விட்டன.

காட்டுக்குத் தலைவி பேச்சி என்ற யானை. அது எல்லா விலங்குகளையும் கூட்டியது.

“இனி ஒவ்வொரு காரின் புகைக்குழாயிலும் இலவம் பஞ்சைப் பிடித்துப் பார்ப்பேன். பஞ்சு கறுத்தால் அந்தக் கார் ஓடக்கூடாது!”

“அம்மா, இன்னொன்று!” என்று முயல்கள் கத்தின. “அந்த இரும்பு மூக்கு எங்களைத் தூக்கி எறிகிறது. எங்கள்மேல் பட்டால் அது அமுங்க வேண்டும்!”

“நியாயம்தான். அதுவும் சட்டம்!”

மலையாண்டி வேலையில் இறங்கியது. புகையைச் சுத்தம் செய்ய, தேன்கூடு மாதிரி கண்கண்ணாக ஒரு பெட்டி செய்து குழாயில் வைத்தது. பெட்டி சூடாக இருந்தால்தான் வேலை செய்தது. அதனால் இன்ஜினை ஒட்டியே வைக்க வேண்டியிருந்தது. அங்கே இடம் போதவில்லை. இன்ஜினைச் சிறியதாக்கியது. சின்ன இன்ஜினால் காற்றை எதிர்த்து இழுக்க முடியவில்லை. கண்ணாடியைச் சாய்த்தது. முயல்களுக்காக மூக்கை மேடாக்கி, மெல்லிய தகடு போட்டு, உள்ளே காலி இடம் விட்டது.

கடைசியில் தள்ளி நின்று பார்த்தது.

“இதுவா என் கார்? பலாப்பழத்துக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறதே!”

அதன் கண்கள் கலங்கின. பட்டறையில் உதவிக்கு இருந்த சிங்காரம் என்ற நரி அருகில் வந்தது.

“அண்ணே, யானையம்மா பஞ்சைப் பிடிப்பது கார் நிற்கும்போதுதானே? நிற்கும்போது புகை பெட்டி வழியாகப் போகட்டும். ஓடும்போது நேராக வெளியே போகட்டும். நடுவில் ஒரு மூடி வைத்தால் போதும்! நிற்கும்போது வரும் கொஞ்சம் புகைக்குச் சின்னப் பெட்டியே போதும். பழைய இன்ஜினே உள்ளே அடங்கும்!”

“மூக்கு?”

“நுனியில் மட்டும் ரப்பர் ஒட்டிவிடலாம்!”

மலையாண்டி ரொம்ப யோசித்தது. பிறகு தலையாட்டியது.

நீள மூக்குக் கார் மறுபடி வந்தது. பேச்சி மூக்கு நுனியை அமுக்கிப் பார்த்தது; பிறகு பஞ்சைப் பிடித்தது. பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. காடே கைதட்டியது. செய்தி மேற்கு மலைக்கும் எட்டியது. சாத்தப்பனும் அலமுவும் திரும்பி வந்தன!

“நீ செய்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும்!” என்றது சாத்தப்பன். அலமு நம்பிக்கையோடு பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டது.

கார்கள் உறுமிக்கொண்டு ஓடின. புகை மெல்ல ஏறியது.

சாத்தப்பன் பட்டறைக்குப் பறந்து வந்தது. “மலையாண்டி! அலமு உள்ளே இருமிக்கொண்டே இருக்கிறாள்! பஞ்சு கறுக்கவே இல்லையே, இந்தப் புகை எங்கிருந்து வருகிறது?”

மலையாண்டியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நான்தான்... ஒரு மூடி வைத்தேன். பஞ்சு பிடிக்கும்போது மட்டும்...”

சாத்தப்பன் மரத்துக்குத் திரும்பிப் போய்த் தன் அலகால் பொந்தின் வாசலை உடைத்தது. அலமு தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, மரம் மரமாக உட்கார்ந்து உட்கார்ந்து, இரண்டும் மேற்கே போயின.

மலையாண்டி நேராகப் பேச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னது. “என் கார்களை எல்லாம் நிறுத்துங்கள், அம்மா. மூடியைப் பிடுங்கி, பெரிய பெட்டி வைத்துத் தருகிறேன்.”

சிங்காரம் பதறியது. “அண்ணே! மறுபடியும் பலாப்பழமா?”

“ஆமாம், பலாப்பழம்தான்!”

இப்போது மலையாண்டியிடமிருந்து பலாப்பழக் கார்கள்தான் வந்தன. கிழக்கு மலையிலும் பேச்சியின் சட்டம்தான். அங்கே கார் செய்யும் குரங்கு ஒரு நாள் கோபமாக வந்தது. “என் காரைப் பார்த்துக் காப்பி அடித்தாயா?”

அதன் காரும் அச்சு அசல் அப்படியே இருந்தது! மலையாண்டிக்குச் சிரிப்பு வந்தது. “உனக்கும் எனக்கும் ஒரே காற்று, ஒரே சட்டம். உருவம் மட்டும் எப்படி மாறும்?”

சிரித்தாலும் மனசு ஆறவில்லை. நீள மூக்கு அடிக்கடி கனவில் வந்தது. விழித்திருக்கும்போது சாத்தப்பனின் நினைவு வந்தது. தினமும் மேற்கே பார்த்தது. மழை வந்து போனது. புகை விலகி, மலை உச்சி பளிச்சென்று தெரிந்தது. யாரும் வரவில்லை.

அத்திப் பழம் பழுத்த காலத்தில் மலையாண்டி ஆற்றோரமாகக் காரில் போய்க்கொண்டிருந்தது. இன்ஜின் முனகக்கூட இல்லை. அப்போது தலைக்கு மேலே பெருங்காற்று இரைவது போல் ஒரு சத்தம். மலையாண்டி காரை நிறுத்தி அண்ணாந்து பார்த்தது. இருவாச்சியின் சிறகுச் சத்தம்! இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தச் சத்தத்தை அது கேட்டதே இல்லை. பழைய உறுமலில் கேட்டிருக்கவும் முடியாது.

சாத்தப்பன் காட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. இறங்கவில்லை. மறுபடி மேற்கே போய்விட்டது. சத்தம் முழுதாக அடங்கும்வரை மலையாண்டி காரைக் கிளப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறர் மூச்சுவிட வேண்டிய இடத்தை முதலில் விட்டுவிட்டு, மிஞ்சுகிற இடத்தில்தான் நம் ஆசைக்கு உருவம் கொடுக்க வேண்டும்.