ஞாழல்னு கூப்பிட வந்தவன்

கண்ணை மூடிக்கோ. கதை கேக்கக் காது போதும். ரெண்டு நாளா உன் காய்ச்சலோட மல்லுக்கட்டி அத்தைக்கு இடுப்பே விட்டுப்போச்சு. உங்கம்மாவை இப்பத்தான் போய்ப் படுன்னு விரட்டினேன். நான் பாதியில தூங்கிட்டா எழுப்பக் கூடாது, ஆமா. நீ ம் மட்டும் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு அம்மா. பேரு வேம்பாயி. பாவம், அவளுக்குப் பொறந்த ரெண்டு புள்ளையும் தங்கலை. எமன் வீட்டு ஆளு ஒருத்தன் உச்சி வெயில்ல வருவான். வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். புள்ள 'ம்'னு சொல்லிட்டா, சொன்ன புள்ள கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவான். அதான் அவன் சட்டம்.

அப்புறம் மூணாவதா ஒரு பொண்ணு பொறந்துச்சு. பேரு வைக்கிற அன்னைக்கு அத்தைக்காரிதானே காதுல சொல்லணும்? அவ யோசிச்சா. குளத்தங்கரையில மஞ்சமஞ்சேன்னு பூக்குற மரம் ஒண்ணு, அது பேரு ஞாழல். அதையே மூணு தடவை புள்ள காதுல சொல்லிட்டா. சுத்துப்பட்டுல யாருக்கும் அந்தப் பேரு கிடையாது. யாரு வாய்லயும் நுழையவும் இல்லை. என்னது? ஆமாண்டி, உன் பேருதான். உங்க மிஸ்ஸு எப்படியோ கூப்பிட்டுட்டுப் போகட்டும், நீ கேளு.

புள்ள கொஞ்சம் வளந்துச்சு, அப்போ அவன் வந்தான். தொப்பு தொப்புன்னு எருமை நடக்குற சத்தம். "நாளல்"னு கூப்பிட்டான். புள்ள மண்ணுல விளையாடிக்கிட்டே இருந்துச்சு. யாரையோ கூப்பிடறான்னு நெனச்சுருச்சு. போயிட்டான். அடுத்த வருஷம் வந்து, தொண்டையைக் கர்ருன்னு செருமிக்கிட்டு "ஞாயல்"னான். அதுக்கும் திரும்பலை. ம்?

அப்புறம் ஊருக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. அந்தப் பேரு வச்சா புள்ள தங்குமாம்னு மொதல்ல எதிர்வீட்டு மரகதம் வச்சா. பின்னாடியே தெரு பூரா வச்சுட்டாங்க. வேம்பாயி ஒவ்வொரு வாசலா ஏறிச் சண்டை போட்டா. வாய்ல நுழையாததாலதான் என் புள்ள பொழச்சுக் கிடக்கு, நீங்க ஆளாளுக்குச் சொன்னா அவனுக்கும் பழகிருமேன்னு அழுதா. யாரு கேக்கறா? ஞாழல் சாப்பிட வா, ஞாழல் குளிக்க வான்னு பொழுதுக்கும் ஒரே கூப்பாடு. அவன் தெருமுனையில எருமையைக் கட்டிட்டு உக்காந்து கேட்டான். கேட்டுக் கேட்டு நாக்கை மடிச்சுப் பழகிட்டான்.

அப்போ மூணாவது தடவை வந்தான். "ஞாழல்"னான். அச்சு அசலா வந்துருச்சு. தெருவுல இருந்த அத்தனை புள்ளைங்களும் ம், ம், ம்னு திரும்புச்சுங்க. யாரு கையைப் புடிப்பான்? திருதிருன்னு முழிச்சான். அவனுக்கும் அலுத்துப்போச்சு, எத்தனை வருஷ அலைச்சல். வேம்பாயிகிட்ட வந்து, "எனக்கு ஒண்ணு போதும்மா. எதுன்னு நீயே காட்டிரு, போயிடறேன்"னான்.

வேம்பாயி திரும்பிப் பார்த்தா. அவ பொண்ணு முந்தானையைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. பக்கத்துல மரகதம் பொண்ணு, மூக்கை ஒழுகவிட்டுக்கிட்டு. அதைக் காட்டிட்டா தன் புள்ள தப்பிச்சுரும். மரகதம் மேல அவளுக்குக் கோபம்னா கோபம், அப்படி ஒரு கோபம். விரலைக்கூடத் தூக்கிட்டா. ஏதோ திங்கத் தரப்போறாங்கன்னு அந்தக் குட்டி கையை நீட்டுச்சு. வேம்பாயிக்கு மனசு வரலை.

"வெயில்ல வந்திருக்கே, செத்த உக்காரு. இது புள்ளைங்க தூங்குற நேரம்"னா.

நீராகாரம் மோந்து குடுத்தா. எல்லாப் புள்ளைங்களையும் வரிசையாப் பாயில போட்டா. மரகதமும் வந்து பக்கத்துல உக்காந்தா. ரெண்டு பேரும் கை ஓயத் தட்டிக் குடுத்தாங்க, தட் தட் தட்டுன்னு. ஒவ்வொண்ணாத் தூங்கிருச்சு. அவன் "ஞாழல்"னு கூப்பிட்டான். ஒரு ம் வரலை. கொட்டாவி விட்டுக்கிட்டே இன்னொரு தடவை கூப்பிட்டான். அதுக்கும் வரலை. அவன்தான் என்னைக்குத் தூங்கியிருக்கான், சொல்லு? எருமை மேலயே சாஞ்சு கொர்ருன்னு தூங்கிட்டான். இன்னும் எந்திரிக்கலை.

கதையும் காலை நீட்டிப் படுத்துருச்சு, நீயும் படு.

ஞாழல்?

ஞாழலு... ம் காணோமே. கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டுது. மூச்சு சீரா வருது. அப்பாடா, காய்ச்சல் விட்டுருச்சு.

தூங்கு தங்கம். இனி யாரு கூப்பிட்டாலும் ம் கொட்டாதே.