சின்ன முள்ளின் குற்றம்

நாகர்கோவிலில் ஒரு மென்பொருள் கம்பெனி. பட்டன், மெனு, காலண்டர் என்று கணினித் திரைக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து விற்பதுதான் அங்கே தொழில். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஜெபசெல்வி, திரையில் ஓடும் முள் கடிகாரம் ஒன்றைச் செய்திருந்தாள். அது தேறினால்தான் அவள் வேலை நிரந்தரமாகும்.

மேலாளர் வைத்தியலிங்கம் எல்லார் முன்னாலும் அதை ஓடவிட்டுப் பார்த்தார். மணி மூன்றரை.

"என்னம்மா இது? மூணரைன்னா சின்ன முள்ளு மூணுலதானே நிக்கணும்? மூணுக்கும் நாலுக்கும் நடுவுல தொங்குது!"

"அது கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துக்கிட்டே போகணும் சார். அதுதான் சரி."

"இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. எனக்கே பாடமா? முள்ளை மூணுல நிறுத்து. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

சரியாக ஓடுவதைத் தன் கையால் கெடுப்பதில்லை என்று ஜெபசெல்வி முடிவு செய்துகொண்டாள்.

"இதே குத்தம் உள்ள இன்னொரு கடிகாரம் இந்த ரூம்லயே இருக்கு சார். அதை என்ன செய்ய?"

"இதென்ன கேள்வி? குப்பையில போடு!"

அவள் மேசைக்கடியிலிருந்த குப்பைக்கூடையை எடுத்துவந்து, அவருடைய இடது கைக்கு நேரே பணிவாக நீட்டினாள்.

"கழட்டிப் போடுங்க சார்."

மாமனார் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த தங்கக் கைக்கடிகாரத்தை வைத்தியலிங்கம் குனிந்து பார்த்தார். அதன் சின்ன முள்ளும் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்தான் நின்றது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அவர் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

"கூடையைக் கீழே வைம்மா. கடிகாரம் இப்படியே போகட்டும்."

அந்த வாரமே ஜெபசெல்விக்கு வேலை நிரந்தரமானது.