நாரையை மிஞ்சிய நிழல்

எங்கள் பறவைப் படக் குழுவில் ஞானதிரவியம் அண்ணாச்சியை மிஞ்சிப் படம் எடுக்கிறவர்கள் உண்டு. மிஞ்சிப் பேசுகிறவர் இன்னும் பிறக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். குழு வருஷா வருஷம் போடும் காலண்டர் அட்டையில் தன் படம் வர வேண்டுமென்று ஆறு வருஷமாகத் தவிக்கிறார். படத்தை எப்படித் திருத்தினேன் என்று எடுத்தவர் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பிறகு கை தூக்கி ஓட்டு. இதுதான் எங்கள் வழக்கம்.

இந்த முறை அவர் கொண்டுவந்து சுவரில் மாட்டியது குளத்தில் நிற்கும் நாரை. மூலையில் கொட்டை எழுத்தில் அவர் பெயர். நாரை கலங்கலாக இருந்தது. தண்ணீரில் விழுந்த அதன் நிழலோ இறகு இறகாகத் தெரிந்தது.

"நிழலு எப்பவும் கொஞ்சம் மங்கலாத்தான இருக்கும் அண்ணாச்சி?" என்றார் குழுத் தலைவி ஜெஸிந்தா டீச்சர்.

"அது மத்தவங்க எடுத்தா டீச்சர். நான் கம்ப்யூட்டர்ல நிழலுக்கு மட்டும் ஷார்ப்ப ஏத்துனேன். நூறுக்கு மேல போகாதும்பாங்க. நான் நூத்தி நாப்பதுக்குக் கொண்டுபோனேன். நெசக் குளம்னு நெனச்சு மீன்கொத்தி ஒண்ணு ஜன்னல் வழியா வந்து ஸ்கிரீன்ல ஒரே கொத்து. கீறல் இன்னும் இருக்கு, வந்து பாத்துக்கிடுங்க."

"ஸ்டாண்டு சாஞ்சு விழுந்த கீறல்னுல்லா போன மாசம் சொன்னீரு?" என்றார் ஐயம்பெருமாள். தபால் ஆபீசில் ரிட்டயர் ஆனவர், எதையும் மறக்க மாட்டார்.

"அது வேற கீறல்வே. இன்னும் கேளும். இருநூறுக்கு ஏத்துனேன். இறகுல உக்காந்திருந்த கொசு தெரிஞ்சிது. கொசு கால்ல ஒட்டுன சேறு தெரிஞ்சிது. சேத்தப் பாத்தே எந்த வயக்காடுன்னு சொல்லிட்டேன்."

"எந்த வயக்காடு?"

"உம்மதுதான். வரப்பு வெட்டாமப் போட்டிருக்கீரே, அதுவும் தெரிஞ்சிது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. மனுஷன் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே, யார் யார் கை தூக்குவார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்நூறு வச்சப்ப நிழலோட அலகு பட்டுப் பிரிண்டு தாளே ரெண்டு தரம் கிழிஞ்சிட்டு. மறுநாள் அதே நாரை ஸ்டூடியோ வாசல்ல வந்து நிக்கி. 'தண்ணிக்குள்ள இருக்கவன் என்னையவிட அழகா இருக்கானே, எனக்கும் அப்படிப் போட்டுக் குடு'ன்னு ஒரே அழுகை. பாஸ்போர்ட் சைஸ்ல நாலு காப்பி குடுத்து அனுப்புனேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் தலைகீழாக மாட்டினார். துலக்கமான நாரை மேலே வந்தது, கலங்கலானது தண்ணீருக்குள் போனது. நிஜமாகவே அருமையான படம்.

"ஃபோகஸ் நிழல்ல விழுந்துட்டு, அதான அண்ணாச்சி?"

அண்ணாச்சி தடுமாறினார். ஒரே ஒரு நொடிதான்.

"இப்பத்தான் சரியா மாட்டியிருக்கிய டீச்சர்! பனையில தலைகீழாத் தொங்கிட்டு எடுத்த படம்லா அது!"

"அப்பம் உங்க பேரு தலைகீழா நிக்கே?"

"அது தண்ணிக்குள்ள கெடக்க மீனு வாசிக்கதுக்கு."

ஐயம்பெருமாள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார்.

"அப்பம் ஓட்டையும் மீனுகிட்டயே கேளும்வே."