டப் சத்தம் இல்லாத சிமிழ்

ஆவுடையப்பன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அம்பாசமுத்திரத்தில் ஒரு கடைசல் பட்டறையில் சேர்ந்து, மரம் கடையக் கற்றுக்கொண்டிருந்தார். அவருடைய குரு சங்கரவடிவு, அவரைவிட வயதில் மிகவும் இளையவள். அவர் அவளை "வாத்தியாரம்மா" என்பார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

ஒரு காலை, துண்டில் சுற்றிக் கொண்டுவந்த குங்குமச் சிமிழைக் குருவின் முன்னால் வைத்தார். மஞ்சக்கடம்பு மரத்தில் கடைந்தது. சிவப்பு அரக்கு பூசி, தாழை மடலால் தேய்த்து மெருகேற்றியிருந்தார். மூடியின் உச்சியில், கோபுரத்தில் இருப்பது போல, ஊசிமுனையோடு ஒரு கும்பம்.

சங்கரவடிவு மூடியை இழுத்தாள். 'டப்' என்று சத்தம் வந்தது.

"தலைகீழாப் பிடிச்சாலும் மூடி விழாது, வாத்தியாரம்மா."

"தெரியுது. பிறகு ஏன் முகம் வாடியிருக்கு?"

ஆவுடையப்பன் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரி உலகம்மாளுக்குத்தான் இதைக் கடைஞ்சேன். வாதம் வந்து அவளுக்கு வலது கை விளங்காமப் போச்சுல்லா? அன்னையிலேருந்து சிமிழைத் திறந்து நான்தான் பொட்டு வச்சு விடுதேன். ஒரு நாள் தவறினதில்ல. இப்போ கொஞ்ச நாளா பொட்டே வேண்டாங்கா. ஏம்ட்டின்னு கேட்டா, 'உங்க மேல ஒண்ணுமில்ல, வேண்டாம்னு தோணுது'ங்கா. பழைய பிளாஸ்டிக் டப்பா பிடிக்கலையோன்னு இதைக் கொடுத்தேன். நல்லாருக்குன்னு சொல்லி, சாமி படத்துக்கு முன்னால வைக்கச் சொல்லிட்டா."

கல்யாணமான நாளிலிருந்து அந்த நெற்றியைப் பொட்டில்லாமல் அவர் பார்த்ததில்லை. இப்போது தினமும் விடிந்ததும் பார்க்க வேண்டியிருந்தது.

"வேலையில என்ன குறைன்னு சொல்லுங்க. திரும்பக் கடையுதேன்."

சங்கரவடிவு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். அவருடைய வலது கையை உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"இன்னிக்கு இப்படியே இருங்க. குறையைச் சாயங்காலம் பேசுவோம்."

ஆவுடையப்பனுக்கு மூக்குப்பொடி இல்லாமல் பொழுது ஓடாது, பஸ்ஸுக்கு டீசல் மாதிரி. கொஞ்ச நேரத்தில் இடது கையால் மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார். மூடி அசையவில்லை. தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். டப்பா நழுவி கடைசல் மிஷினுக்கு அடியில் உருண்டு போனது.

பக்கத்தில் அரக்கு பூசிக்கொண்டிருந்த பரமசிவத்தைக் கூப்பிட்டார். அவன் ஓடிவந்து எடுத்துத் திறந்து, தானே ஒரு சிட்டிகை எடுத்து அவர் மூக்கில் வைத்தான். கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டான். தும்மல் அடங்க நேரமாயிற்று. பட்டறையே சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார்.

அடுத்த தடவை கூப்பிட்டபோது, "இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி, கையில சூடா அரக்கு இருக்கு" என்றான். சொன்னபடியே வந்தான். துளி முகச்சுளிப்பு இல்லை. தங்கமான பையன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவனாகவே டப்பாவோடு வந்து நின்றான்.

"பொடி போடலையா அண்ணாச்சி?"

"வேண்டாம்ப்பா."

"நான் ஏதும் தப்பா..."

"உன் மேல ஒண்ணுமில்லப்பா. வேண்டாம்னு தோணுது."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

சாயங்காலத்துக்குக் காத்திராமல் சங்கரவடிவு வந்து துண்டை அவிழ்த்தாள். அவரும் பொடியைத் தேடவில்லை. புதுக் கட்டை ஒன்றை எடுத்து மிஷினில் மாட்டினார்.

இந்தத் தடவை அடிப்பக்கத்தை அகலமாகவும் கனமாகவும் விட்டார். ஒற்றைக் கையால் மூடியை எடுக்கும்போது சிமிழ் நகரக் கூடாது. கும்பம் இருந்த இடத்தில், விரல்களுக்கு வாகாகப் பருத்த குமிழ் ஒன்றைக் கடைந்தார். மூடி உட்காரும் விளிம்பை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கடைசியில் இடது கையின் இரண்டு விரலுக்கே மூடி எழும்பி வந்தது. டப் சத்தம் இல்லை.

தலைகீழாகப் பிடித்ததும் மூடி கழன்று விழுந்தது.

"வாத்தியாரம்மா, இது ரொம்பத் தளர்வா இருக்கே."

"ஆமா."

"அவளுக்கு இடது கை பழக்கமும் இல்ல. லேசாத் தட்டினாப் போதும், பூராவும் கொட்டிரும். குங்குமம் கொட்டினா ஆகாதும்பாங்க. நான் பக்கத்துல நின்னு பிடிச்சுக்கிடட்டுமா?"

சங்கரவடிவு உளி தீட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கொட்டட்டும் அண்ணாச்சி. மதினி கையால கொட்டட்டும்."