வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும்

காவிரிக் கரை மடத்து அம்மாவுக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் சென்னியப்பனுக்கு அறுபத்தாறு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த மனிதருக்கு இப்போது எதுவுமே விளங்கவில்லை.

அவர் மனைவி பாவாத்தாள் ஏழு மாதமாகப் படுக்கையில் கிடந்தாள். பக்கவாதம். பேச்சும் போய்விட்டது.

ஒருநாள் காலை, இரண்டு காகிதப் பொட்டலங்களோடு வந்து அம்மாவின் முன் உட்கார்ந்தார்.

"ஒண்ணுல மல்லி, இன்னொண்ணுல சிவப்பு ரோசாங்க. நீங்க ஒண்ணை எடுத்துக் குடுங்க."

கோயிலில் பூ கேட்கிற வழக்கம்தான். நினைத்த காரியம் நடக்குமென்றால் வெள்ளை வரும். நடக்காதென்றால் சிவப்பு.

"கோயில்ல கேட்கலீங்களா?"

"தினமும் கேட்கறேனுங்க, அவ எந்திரிப்பாளான்னு. திங்கக்கிழமை வெள்ளை. செவ்வாய்க்கிழமை சிவப்பு. மறுபடி கேட்டேன், வெள்ளை. சந்தேகமா இருந்துச்சு, இன்னொருக்கா கேட்டேன், சிவப்பு. இப்பப் பூசாரி என்னைக் கண்டாலே ஒளிஞ்சுக்கறாரு."

சாமிக்கே தலை சுற்றியிருக்கும்.

"ஒண்ணுமே புரியலீங்கம்மா. அவ யாருக்கு என்ன கெடுதல் பண்ணினா? சாமி மனசுல என்னதான் இருக்குது? இன்னைக்குச் சிவப்பு வந்தா, வீட்டுல இருக்கற சாமி படத்தையெல்லாம் கழட்டிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

பொட்டலங்களை அம்மாவின் பக்கம் வேகமாகத் தள்ளினார். கோபமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

அம்மா பொட்டலங்களைத் தொடவில்லை.

"இப்ப அவங்களை எந்தப் பக்கமாப் படுக்க வச்சுட்டு வந்தீங்க?"

"இடப்பக்கமுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பணும். இல்லேன்னா முதுகெல்லாம் புண்ணாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"திருப்பினா வலிக்குமா?"

"கத்துவாளுங்க. என்னை ஒரு பார்வை பார்ப்பா பாருங்க, ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்கற மாதிரி. என்னால தாங்க முடியலீங்க."

"எதுக்குன்னு எடுத்துச் சொல்ல வேண்டியதுதானுங்களே?"

"ஒவ்வொரு தடவையும் சொல்றேனுங்க. சொல்றது எதுவும் இப்ப அவளுக்குப் புரியறதில்லை."

"அப்ப உங்க கையைத் தட்டி விடுவாங்களா?"



"இல்லீங்க. நல்லா இருக்கற கையால என் கையைப் பிடிச்சுக்குவா. தூங்கற வரைக்கும் விடமாட்டா."

"வலி குடுத்த கையையா?"

"அதே கையைத்தாங்க."

சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. ஏதோ புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

"அப்ப அவ எந்திரிச்சிருவாளாங்கம்மா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"சாமி எதுக்கு இப்படிப் பண்ணுதுன்னாவது..."

"அதுவும் தெரியாது."

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"திருப்பி எவ்வளவு நேரமாச்சு?"

சென்னியப்பன் பதறி எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார். பொட்டலங்கள் பிரிக்காமல் தரையில் கிடந்தன.

"அம்மா, இந்தப் பூவுங்க?"

"ரெண்டையும் எடுத்துட்டுப் போய் அவங்க தலையில வைங்க," என்றார் அம்மா. "திருப்பிப் படுக்க வச்சதுக்கப்புறம் வைங்க. இல்லேன்னா நசுங்கிடும்."